அக்கா வீட்டுக்கு மேலே ஒரு கண்ணி

நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஹந்தானை மலையில் இருக்கிறது. இப்போது கண்டி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வாடகை அறையில் ஆறு வருஷம் என்னோடு ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்த பெட்டை. மழைக்கு ஒதுங்கி வந்தவள், மழை விட்ட பிறகும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மலையேறுவோம். முதுகுப் பையில் எனக்குப் பாண், அவளுக்குச் சோறு, இருவருக்கும் ஒரே தண்ணீர்ப் போத்தல். லீவு சேர்ந்து கிடைத்தால் கூடாரத்தையும் கட்டிக்கொண்டு மறுபக்கமாக கலஹா வரை இறங்குவோம். அவள் எப்போதும் பத்தடி முன்னால் போவாள். நின்று திரும்பிப் பார்ப்பாள். நான் வருகிறேன் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பத்தடி. உச்சியில் உட்கார்ந்ததும் காலை நீட்டுவாள். விரல் இடுக்கில் கடித்திருக்கும் அட்டைகளை நான் உப்பு வைத்து எடுப்பேன்.

அக்காவும் மச்சானும் இன்னமும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். அக்கா கொழுந்து பறிக்கிறாள். நான் முதன்முதலாகப் பையை மாட்டிக்கொண்டு அவள் வாசலைக் கடந்தபோது நாலு பேர் முன்னால் சிரித்தாள்.

"அம்மா கூடைய கட்டிக்கிட்டு ஏறுச்சு, அதுக்கு வேற வழியில்ல. ஒனக்கு என்னடா வந்துச்சு? காசு குடுத்து மூட்டை வாங்கிச் சுமக்குற!"

நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வாசல் வழியாகப் போகவில்லை. லயத்துக்குப் பின்னால், மரவள்ளித் தோட்டங்களுக்கு மேலே ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. யார் கண்ணிலும் படாமல் அதில் ஏறிவிடுவோம். மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் தன் கூரைக்கு மேலே தம்பி நடந்து போனது அக்காவுக்குத் தெரியாது.

போன வருஷம், மழை விட்ட ஒரு காலையில், மானாப் புல்லுக்குள் முன்னால் போன நாய் அலறியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பன்றிக்கு வைத்த கண்ணி. பிரேக் கம்பிச் சுருக்கு அவள் இடுப்பில் விழுந்திருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. கையை உள்ளே விட்டேன். என்னைக் கடித்தாள், முதல் தடவையாக. அவளை அப்படியே விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன்.

மச்சான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "நாய் கம்பியில மாட்டிக்கிச்சு" என்றேன். உள்ளே போய்க் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து வந்தார். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஏறி, நேராக அவளிடம் போய் நின்றார். புல்லுக்குள் மறைந்திருந்த, கம்பி கட்டிய முளைக்குச்சியைத் தடவிப் பார்க்காமலே பிடித்து, கம்பியை வெட்டினார்.

"இது ஒங்க கம்பியா மச்சான்?"

அவர் கோபமாகத்தான் பேசினார்.

"பன்னி வந்து மரவள்ளிய பூரா கெளறிட்டுப் போகுது. நாங்க என்னத்த திங்கிறது? நீ நாயோட இங்க ஒலாத்துவேன்னு எனக்கு என்ன கனவா வந்துச்சு? தீவாளிக்கு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னியே, அந்தக் கறி எங்கேருந்து வந்துச்சுன்னு அன்னிக்குக் கேட்டியா?"

கேட்கவில்லைதான்.

பையில் இருந்ததையெல்லாம் புல்லில் கொட்டிவிட்டு அவளை உள்ளே வைத்து மார்போடு கட்டிக்கொண்டு இறங்கினேன். ரோட்டில் ஆட்டோக்காரர் ரத்தத்தைப் பார்த்துத் தயங்கினார். அக்கா ஓடிவந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை ஆசனத்தில் விரித்தாள். நான் ஏறியதும் குனிந்து சொன்னாள்:

"டொக்டர் கேட்டா கண்ணின்னு சொல்லிறாத. வேலிக் கம்பின்னு சொல்லு. வனத்துக்காரன் வந்தா இவர பிடிச்சிட்டுப் போயிருவான். புள்ளைங்க படிக்குதுங்க."

நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மிருக வைத்தியர் ரோமத்தை வழித்துக் காயத்தைப் பார்த்தார். சுற்றிவர ஒரே அளவில் அறுத்திருந்தது. எப்படி நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். "வேலிக் கம்பி" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணி என்றால் இடத்தைச் சொல்லுங்கள், இன்னும் இருக்கும், போன மாதம் ஒரு சிறுத்தைப் புலி இப்படித்தான் செத்தது என்றார். நான் மறுபடியும் வேலி என்றேன். அவள் மேசையில் கிடந்தபடி என் கையை நக்கிக்கொண்டிருந்தாள், தான் கடித்த இடத்தையே.

ஐந்தாம் நாள் செத்துப்போனாள்.

இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் ஏறிப் போனேன். அந்த இடத்தில் புதுக் கம்பி பளபளத்தது. முளை கூட அதேதான். பிடுங்கி எறிய வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கீழே அக்கா வீட்டில் சின்னவள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கி, சுருக்கு விழாதபடி செய்துவிட்டு வந்தேன். அடுத்த நாளே மச்சான் சரிசெய்திருப்பார்.

பொங்கலுக்கு அக்கா போன் பண்ணினாள். "ஒரு நாய்க்காகக் கூடப்பொறந்தவள விட்டுட்டியா?"

"வேலையிருக்கு" என்றேன். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவையோ மச்சானையோ வெறுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. வைத்தியர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் யோசிக்காமல் வேலி என்று சொன்னது நான்தான்.