இடப்பக்கச் சூடு

யாஸ் ஊரில் காலை எட்டு மணி. புல்லெல்லாம் உறைபனி. சிட்னியிலிருந்து மெல்பேர்ண் போகிறேன். என் பதினெட்டு வயதுக் கார் எந்த ஏற்றத்திலும் சளைக்கவில்லை. ஹீற்றர் மட்டும் இடப்பக்க இருக்கைக்கே சூடு தருகிறது. என் விரல்கள் விறைத்துவிட்டன.

ஒரு கராஜில் நிறுத்துகிறேன். கராஜ்காரர் மன்னார்த் தமிழர். காற்று வரும் துவாரங்களில் கையை வைத்துப் பார்க்கிறார்.

“சின்ன வேலைதான் அண்ணை. இவ்வளவு காலமும் எப்பிடி ஓடினனீங்கள்?”

“என்ர மனுசி பக்கத்தில இருப்பா. தன்ர கையைச் சூடாக்கி என்ர கையைப் பிடிப்பா. போன வருசம் காலமாயிட்டா.”

அவர் துவாரத்திலிருந்து கையை எடுக்கிறார். “அப்ப திருத்தட்டோ, விடட்டோ?”

இன்னும் அறுநூறு கிலோமீட்டர் இருக்கிறது. மகள் காத்திருக்கிறாள்.

“திருத்துங்கோ தம்பி.”

அவர் கருவிகளை எடுக்க உள்ளே போகிறார். எஞ்சினை ஓடவிட்டு, அவள் இருக்கையில் போய் உட்கார்கிறேன்.