விரல் நுனிச் சாம்பல்

அடுத்தவர்கள் நிரப்பிய படிவங்களில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். நாற்பத்திரண்டு வயதில் என் பெயருக்கு வந்த முதல் வேலை. ஒரே நிபந்தனை, கம்பெனி அனுப்பும் சோதனை நிரலை ஓட்டினால், கம்ப்யூட்டரில் பதினாறு ஜிபி ரேம் இருப்பதாக அது சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் சொல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததோ நான்கு.

பழைய ரேம் பட்டையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்க்காமலே பதினாறு ஜிபி பட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

"எதுனா போடலாங்க்கா, சூப்பரா ஓடும்."

"எதுனா போடறதுக்கு இது இன்னா சாம்பாரா?"

பழையதை அதன்மேல் வைத்துக் காட்டினேன். அடியில் இருக்கும் வெட்டு ஒரு நூல் தள்ளியிருந்தது. அவர் வேறு ரகம் எடுத்தார். வெட்டு பொருந்தியது, பட்டைமேல் அச்சடித்த ரக எண்ணும் பொருந்தியது. தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வீடியோவை மூன்று தடவை பார்த்திருந்தேன். பட்டு இழையைப் பிடிக்கும் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர்தான்.

வீட்டில் தறியும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்கின்றன. தறியில் நான் பார்ப்பது பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், பிணைக்கிற வேலை. முடிந்துபோன பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். பட்டு வழுக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல் வைத்துத் தொட்டுக்கொள்வோம். அத்தைக்கு, என் மாமியாருக்கு, கண் மங்கி மூன்று வருடமாகிறது; அதிலிருந்து வீட்டில் பிணைப்பது நான் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை அத்தை ரேம் டப்பாவைச் சாமி படத்தின் முன் வைத்துத் திருநீறு பூசிக் கொடுத்தார். நான் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டால் திரை கறுப்பு, மூன்று முறை பீப் சத்தம். பழைய பட்டையையே திரும்பப் போட்டேன். அதற்கும் பீப். உள்ளதும் போச்சு. மணி பத்தே முக்கால்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அழுக்கு இருந்தாலும் கத்தும்க்கா. டார்ச் அடிச்சுப் பாருங்க. பட்டையை ரப்பர் வச்சுத் தேய்ங்க, உள்ள பிரஷ் வச்சுத் தட்டுங்க."

டார்ச் அடித்தேன். பட்டை சொருகும் பள்ளத்தில் பொடி.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "உங்க திருநீறுதான் என் வேலைக்கு உலை வச்சிடுச்சு! எதைப் பாத்தாலும் பூசிகினே இருப்பீங்களா? எனக்கு வேலை கெடச்சதே உங்களுக்குப் புடிக்கல!" கடைசி வாக்கியம் பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். பொடியை விரலில் ஒற்றித் தேய்த்து முகர்ந்தார்.

"திருநீறு இன்னா கருப்பாவா இருக்கும்? டப்பாவை நான் தொறக்கவே இல்ல."

பள்ளத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரை விரல் நீளத்தில் ஒரு சிவப்புப் பட்டு நுனி.

அப்போதுதான் நினைவு வந்தது. பட்டையை எடுப்பதற்கு முன்னால் என் கை தானாகக் கொட்டாங்குச்சிக்குள் போனது. மெல்லிய பொருளைத் தொடுவதற்கு முன் சாம்பல். இருபது வருடப் பழக்கம். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் போயிருக்கிறது.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். தேய்த்தேன், தட்டினேன், மாட்டினேன். ஒரே ஒரு பீப், திரை வெளிச்சமானது. பதினொன்று ஐம்பதுக்குச் சோதனை நிரல் பச்சை டிக் காட்டியது.

அத்தை திருநீற்றுத் தட்டோடு வந்தபோது நானாகப் போய் நெற்றியைக் காட்டினேன். பூசிவிட்டுக் கேட்டார்.

"அடுத்தவங்க தப்பைக் கண்டுபுடிக்கத்தானே சம்பளம்?"

"ஆமாங்கத்தை."

"நல்ல ஆளாப் பாத்துதான் எடுத்துகிறாங்க."