சீக்கிரம் செத்த நடிகன்

அமெரிக்காவில் நாடக மேடை புதிதாய் முளைத்த காலத்தில், ஒரு நடிகன் தானே நாடகம் எழுதி, முக்கிய வேஷத்தைத் தானே கட்டி, ஊர் ஊராய் அலைந்து பேர் வாங்கினான். அவன் வாழ்க்கையை நாடகமாக்கினேன். அவனைப் போலவே முக்கிய வேஷத்தை எனக்கே வைத்துக்கொண்டேன். அவன் சாகும் கடைசிக் காட்சிக்கு இரண்டு பக்க வசனம். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள்.

ஃபெர்ரித் துறைக்குப் போகும் சாத்தம் பாலத்துக்கு இப்பக்கம் ஒரு மண்டபத்தில், போன வருஷம், மாலை ஆட்டம். கூட்டத்தில் பாதிப் பேர் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த பாம்பூஃபிளாட்காரர்கள். மழையால் தாமதமாகத் தொடங்கினோம். நான் மரணப் படுக்கையில் விழுந்தபோது அவர்களுடைய கடைசி ஃபெர்ரிக்குப் பத்து நிமிடமே இருந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. முடிவைப் பார்க்காமலே போய்விடுவார்கள் போலிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு காண்ட்ராக்டர் எழுந்து கைகூப்பினார். "பாய் சாப், ஜல்தி சாவுங்க! ஃபெர்ரி போயிடும்!"

மண்டபமே சிரித்தது. எழுதியவன் நான், சாகிறவனும் நான். வசனத்தை வெட்ட யாரிடம் அனுமதி கேட்க? மேடையிலும் வீட்டிலும் எனக்கு மனைவியானவளின் கையைப் பிடித்தேன். "வண்டியைக் கட்டு. அடுத்த ஊரில் ஆட்டம் இருக்கிறது" என்று வாயில் வந்ததைச் சொல்லிக் கண்ணை மூடினேன்.

"யோவ், என் அழுகை என்னாகிறது?" என்று காதருகே சீறினாள்.

"ரெண்டே சொட்டு. ஜல்தி."

அழுதாள். சிரிப்பு அடங்கியது. ஒரு மூச்சு நேரம் யாரும் நகரவில்லை. பிறகு கைதட்டிக்கொண்டே ஓடினார்கள். அந்தச் சத்தம் பாலத்தின் மேல் தேய்ந்து மறையும்வரை நான் பிணமாகவே கிடந்து கேட்டேன்.