அம்மா மண்டபத்தில் தாத்தாவின் பெயர்

ஆடி அமாவாசை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. நேட்டாலிலிருந்து கப்பலில் வந்து, தாத்தாவின் ஊரான உப்பிலியபுரத்துக்குப் போனால், அவருடைய தம்பி மகன் ராமசாமி திதி கொடுக்க இங்கே வந்திருப்பதாகச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடைசிப் படியில் ஒருவர், இறந்துபோன முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறார். கடைசியில் சொன்னது என் தாத்தாவின் பெயர். நேட்டாலில் இன்னும் விடிந்திருக்காது; அவர் இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"அவர் உயிரோட இருக்காருங்க," என்கிறேன்.

ராமசாமி நீட்டிய கையோடு என்னைப் பார்க்கிறார். தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியபோது அவருக்குக் கொடுத்த சீட்டைப் படித்துக் காட்டுகிறேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், முழங்காலில் தழும்பு.

"எந்தக் கால்?"

"இடது."

"மாடு முட்டினது. அப்பா சொல்லுவாரு. கடுதாசியே வராததால, பெரியப்பா கடலோட போயிட்டாருன்னு அப்பாதான் இந்தத் திதியை ஆரம்பிச்சாரு. அங்க சாப்பாட்டுக்குக் கஷ்டமா தம்பி?"

"ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லைன்னு சொல்வாருங்க."

ராமசாமி தலையாட்டிக்கொள்கிறார்.

பக்கத்தில் மந்திரம் சொல்லும் ஐயருக்கு அவசரம். "ஜீவனோட இருக்கறவாளுக்குப் பண்ணப்படாது. பேரை எடுத்துடலாமா?"

"வேண்டாம் சாமி," என்று ராமசாமி இலையிலிருந்து தாத்தாவுக்கு வைத்த சோற்று உருண்டையை எடுக்கிறார். "நாம போடப்போய்த்தானே அவர் அங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."