நூல்கண்டு தைத்த அறை

நூல்கண்டு என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். ஆள் குள்ளம், உருண்டை, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள். எங்கே போனாலும் உடுப்பில் ஒட்டிய நூல் ஒன்று பின்னாலேயே வரும். கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் போன நோயாளிச் சட்டை, நாடா அறுந்த தலையணை உறை எல்லாம் அவள் மிஷினுக்குத்தான் வந்து சேரும். காலையில் குவியலாகக் கிடப்பது மாலையில் மடித்து அடுக்கிய சுவராக நிற்கும். வேறொருத்தி என்றால் அதோடு கை ஓய்ந்து போகும். இவளுக்கோ அதற்கப்புறம்தான் கை ஊறத் தொடங்கும்.

வீட்டில் அவள் கண்ணில் பட்ட எதுவும் அம்மணமாக இருக்க முடியாது. குடைக்குச் சட்டை, ரேடியோவுக்குக் கோட்டு, நாற்காலிக் கால்களுக்குக் காலுறை, தண்ணீர் பாட்டிலுக்குத் தொப்பி. ஒரு குளிர்காலத்தில், பாவம் குளிருமே என்று மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழிருந்து மேல்வரை உறை தைத்து மாட்டினாள். எதிர்வீட்டு நாய் அவளைக் கண்டால் அளவெடுத்துவிடுவாளோ என்று கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும். தூங்கிக்கொண்டிருந்த புருஷனை அளவெடுத்து, அவர் கண்விழிப்பதற்குள் புதுச்சட்டை தைத்து மாட்டியும் விட்டாள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அவரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். கைதான் கொஞ்சம் இறுக்கம் என்பார்.

அவர் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அந்தப் படுக்கையறை அவருடைய அண்ணனுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாத அந்தப் பெரியவர் விட்ட குறட்டையில் ஒருமுறை சுவர்க்கடிகாரம் ஆணியோடு கழன்று விழுந்தது. ஆகவே அவரோடு அறையைப் பங்குபோட யாரும் முன்வரவில்லை. மிச்சம் நான்கு பேருக்கும் கூடம்தான்: நூல்கண்டு, லிஃப்ட்காரர், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் மகன், செருப்புக் கடையில் வேலை பார்க்கும் மகள். ஆளுக்கொரு மூலை.

இந்த நிலையில்தான் மகன் ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, தனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். தொலைபேசிச் சேவை மையத்தில் வேலையாம். அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்களாம். நூல்கண்டுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகளுக்கு என்னென்ன தைக்கலாம் என்று மனசுக்குள் துணி கிழிக்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்போது அவன் அடுத்ததைச் சொன்னான். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறானாம். வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“இங்க எங்கம்மா இடம் இருக்கு? நீயே சொல்லு” என்றான்.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலை நான்கும் நிரம்பித்தான் இருந்தன. அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போனாலும் விருந்தாளியாகத்தான் போக வேண்டும். விருந்தாளிக்குக் காபி கொடுப்பார்கள், கத்தரிக்கோல் கொடுக்க மாட்டார்கள். மகன் வீட்டு ஜன்னலுக்கு இன்னொருத்தர் தைத்த திரையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குப் படுத்தவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் நீளமான கூடம் ஒன்றுதான். ஆனாலும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டால் நோயாளிக்கு அது தனி வீடு. எழுந்து உட்கார்ந்து புருஷனை உலுக்கி, “ஏங்க, ஒரு ரூம் தைக்கப் போறேன்” என்றாள். அவர் தூக்கக் கலக்கத்தில் எத்தனையாவது மாடி என்று கேட்டார்.

சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட பச்சைத் திரைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. மேற்பார்வையாளரிடம் போய் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எதற்கு என்றார். ரூம் தைக்க என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாளைக்கு வேண்டுமானால் லீவு எடுத்துக்கொள் என்றார். அவள் லீவையும் எடுத்துக்கொண்டாள், திரையையும் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது தையல் இல்லை, படையெடுப்பு. கூடத்துச் சாமான்கள் எல்லாம் சமையலறைக்குக் குடிபோயின. பெரியவர் சாய்வு நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளப்பட்டார். மகள் கடையிலிருந்து வந்தவுடன் பிசிறு வெட்டவும் குண்டூசி குத்தவும் உட்கார்ந்தாள். சுவர்த் துணி காற்றில் ஆடாமல் விறைப்பாக நிற்பதற்குக் கீழ்விளிம்பில் கனம் வேண்டுமே என்று நூல்கண்டு கவலைப்பட்டாள். லிஃப்ட்காரர் பழைய இரும்பு வாஷர் வளையங்களைப் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். லிஃப்ட் அறுந்து விழாதா என்று மகள் கேட்டதற்கு, இதெல்லாம் கழித்துப் போட்டதுதான், நம்ம வீட்டு ரூம் மாதிரி என்றார்.

தைக்கத் தைக்க அறை வளர்ந்தது. வெறும் திரை அவளுக்குப் போதவில்லை. நான்கு சுவரோடு நிறுத்தியிருக்கலாம். மேலே கூரை இல்லாவிட்டால் பல்லி எட்டிப் பார்க்கும் என்று வெள்ளை விரிப்புகளை இணைத்துக் கூரை தைத்தாள். மருமகள் பாதம் சில்லென்ற தரையில் படலாமா என்று ஒட்டுத்துணிகளை அடுக்கிக் கனமாகத் தரையும் தைத்தாள். கண்ணாடி வைக்க ஒரு பை, செல்போன் வைக்க ஒரு பை, கோபம் வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளத் தெருப்பக்கம் ஒரு ஜன்னல். அதற்கு மூன்று விரல் அகலத்தில் ஒரு திரை.

மகன் வேலை முடிந்து வந்து இதையெல்லாம் தாண்டித் தாண்டி நடந்தான். “சர்க்கஸ் எப்பம்மா ஆரம்பம்? யானையைச் சொல்லியாச்சா?” என்றான்.

“யானைக்குத்தான்டா பொண்ணு பாத்தாச்சு” என்றார் வாசலில் இருந்த பெரியவர்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. பெரியவரும் காலாற நடக்கப் போயிருந்தார். சுவர்களையும் கூரையையும் தரையையும் இணைக்கும் கடைசி மூட்டுகள் பாக்கி. துணி சேர்ந்து சேர்ந்து அவளால் தூக்கவே முடியாத பாரமாகிவிட்டது. துணி மிஷினிடம் வராவிட்டால் என்ன, மிஷினைச் சுற்றித் துணி வரட்டும் என்று காலால் மிதிக்கும் தன் வீட்டுத் தையல் மிஷினை நடுவில் போட்டு, தானும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, துணியைத் தன்னைச் சுற்றி இழுத்து இழுத்துத் தைத்தாள். வேலை ஓடுகிற வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்குவதுகூடத் தெரியவில்லை. கடைசி மூட்டையும் அடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பி, அப்பாடா என்று நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் பச்சை. மேலே வெள்ளை. கீழே ஒட்டுத்துணி.

கதவு இல்லை.

கதவுக்கும் ஜன்னலுக்கும் இடத்தை உள்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள். எல்லாம் தைத்தபின் கடைசியாக வெட்டுவதாகத் திட்டம். கத்தரிக்கோல் வெளியே கூடத்து ஜன்னல் கட்டையில், அதற்கென்று தைத்த உறைக்குள் பத்திரமாக இருந்தது. பல்லால் கிழிக்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் துணி, அதிலும் அவளே ஓரம் அடித்தது. அசைந்துகொடுக்குமா?

லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது கூடத்தின் நடுவில் ஒரு பச்சைக் குன்று அசைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

வேறொருவராக இருந்தால் அலறியிருப்பார். அவரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தே வயசானவர். பையைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“பதட்டப்படாதீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான் ஒருத்திதான். வேற யாரு இருப்பா?”

“மூச்சு விட முடியுதா?”

“பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். ஏங்க, விளையாடாம கத்தரிக்கோலை எடுத்துக் குடுங்க.”

“குடுக்கலாம். எது வழியா?”

குன்று குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று அவர் பயந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெட்டுவது என்றால் வெளியிலிருந்து அவர்தான் வெட்ட வேண்டும். கோடு இருப்பதோ உள்ளே. கடைசியில், அவள் உள்ளேயிருந்து விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போவது, துணியில் அந்த விரல் புடைத்துத் தெரியும் இடத்துக்குப் பின்னாலேயே அவர் வெட்டிக்கொண்டு வருவது என்று முடிவானது. அவர் வாழ்நாளில் துணி வெட்டியவர் அல்லர். விரல் மேலே போனால் கத்தரிக்கோல் பக்கவாட்டில் போனது. நடுவில் மகள் வந்து வாயைப் பிளந்து நின்றாள், பெரியவர் வந்து இடது, வலது என்று திசை சொன்னார். ஆளாளுக்குச் சொன்னதில் கதவு தோளிலிருந்து முழங்கால் வரை சாய்ந்து, மின்னல் கீறியது மாதிரி வந்து நின்றது. அதன் வழியாகத் தலையை நீட்டிய நூல்கண்டு, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் பச்சைத் துணிப்பொடியாக, கதவைத்தான் முதலில் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஓரத்துக்குச் சிவப்பு நாடா கொடுத்தா எடுப்பா இருக்கும்” என்றாள்.

மறுநாள் கையெழுத்துப் போடப் போவதற்கு முன்பே ஜன்னலையும் வெட்டி, கூடத்துக் கூரைக் கொக்கிகளில் அறையைத் தொங்கவிட்டார்கள். வாஷர் கனத்தில் சுவர்கள் சும்மா ஜம்மென்று நின்றன. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்த மகன், சர்க்கஸ் என்று சொல்ல வாயெடுத்தவன், குனிந்து உள்ளே போனான். வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஜன்னல் திறக்குது என்று மட்டும் தங்கையிடம் சொன்னான்.

மருமகள் ஒல்லியாக, நிதானமாக இருந்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்டுக்கேட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பது அவள் வழக்கம். சிவப்பு நாடாவைத் தொட்டுப் பார்த்து, கதவு ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டாள். இப்போது அதுதான் புது மாடல் என்றாள் நூல்கண்டு. மகள் உண்மையை உடைத்துவிட்டாள். மருமகள் சிரித்தாள். ஆனால் இங்கே இருப்பதாகவும் சொல்லவில்லை, போவதாகவும் சொல்லவில்லை. நூல்கண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

சாப்பாடு முடிந்து மகனும் மருமகளும் அறைக்குள் போய்க் கதவு நாடாவைக் கட்டிக்கொண்டார்கள். விளக்கை அணைத்தாகிவிட்டது. அப்போதுதான் நூல்கண்டுக்குச் சுருக்கென்றது. உள்ளே மகன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தது அவள் காதருகில் வைத்தது மாதிரிக் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. துணி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. இத்தனை வருஷம் திரை தைத்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

சின்னஞ்சிறுசுகள் பேசிக்கொள்ளட்டும், நம்மால் தொந்தரவு வேண்டாம் என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் லிஃப்ட்காரர் தொண்டையில் வந்த இருமலை விழுங்கினார். மகள் போர்வையைக் கடித்துக்கொண்டாள். தூங்கினால் குறட்டை வருமே என்று பெரியவர் தன் அறையில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தார். உள்ளே இருந்தவர்களும் அதையேதான் செய்தார்கள் போலிருக்கிறது. வீடு கல்லாகச் சமைந்தது. ஈ பறந்தால்கூட மன்னிப்புக் கேட்டிருக்கும்.

அந்த நிசப்தத்தில், துணிக்கு உள்ளேயிருந்து மருமகளின் குரல் மெதுவாக வந்தது.

“அத்தை, எல்லாரும் மூச்சு விடுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

லிஃப்ட்காரர்தான் முதலில் உடைந்தார். அடக்கி வைத்திருந்த இருமல் அணை திறந்தாற்போல் வந்தது. மகள் போர்வைக்குள்ளிருந்து வெடித்துச் சிரித்தாள். இப்ப நான் படுக்கலாமா என்று பெரியவர் தன் அறையிலிருந்து அனுமதி கேட்டார். சாய்ந்த கதவு அவிழ்ந்து, மருமகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். யாரோ விளக்கைப் போட்டார்கள்.

நூல்கண்டு மட்டும் சிரிக்கவில்லை. “எல்லாத்தையும் தச்சேன், சத்தத்தை விட்டுட்டேன். அந்த வீட்டுல செங்கல் சுவர் இருக்கும். நீங்க போறதுதான் நியாயம்” என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது.

மருமகள் பச்சைச் சுவரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். எங்கள் ஆபீஸில் எத்தனையோ பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறோம், நடுவில் இருக்கிற தடுப்புக்குள் பஞ்சுதான் அடைத்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது முணுமுணுப்பாகத்தான் கேட்கும் என்றாள். நூல்கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கை தானாகவே இஞ்ச் டேப்பைத் தேடியது.

“அப்ப ரெட்டைத் துணியா போட்டு, நடுவுல பஞ்சு வச்சு...”

“மெத்தை மாதிரி தச்சுட்டா?”

“சுவருக்கே மெத்தையா” என்றாள் நூல்கண்டு. அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

கதவு ஓரத்தில் நின்றிருந்த மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஞாயித்துக்கெழமை அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணுமே” என்று இழுத்தான்.

“வேண்டாம்னு நாளைக்கே சொல்லிட்டு வாங்க” என்றாள் மருமகள். “வர்ற வழியில பஞ்சு வாங்கிட்டு வாங்க.”

எத்தனை கிலோ என்று அவன் கேட்டிருக்கக் கூடாது. மாமியார் ஒன்று சொன்னாள், மருமகள் அதற்குப் பாதி போதும் என்றாள். வரி வரியாகத் தைக்க வேண்டும் என்றாள் மாமியார். கட்டம் கட்டமாகத் தைக்காவிட்டால் பஞ்செல்லாம் கீழே இறங்கிவிடும் என்றாள் மருமகள். உனக்குத் தைக்கத் தெரியுமா என்று நூல்கண்டு கேட்டாள். தெரியாது, எங்கள் வீட்டுப் போர்வையில் பஞ்சு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்றாள் அவள்.

நூல்கண்டு கொஞ்சம் யோசித்தாள். இஞ்ச் டேப்பின் ஒரு நுனியை மருமகள் கையில் திணித்து, மறு நுனியோடு அறையின் அந்த மூலைக்கு ஓடினாள்.

“சரி, கட்டமே போட்டுத் தொலைக்கிறேன். தளரவிடாம இழுத்துப் பிடி” என்றாள்.