லாரி மேல் நின்றவர்

எழுபதுகளின் நடுவில் துபாய்க்கு வெளியே ரோடு போடும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். வெள்ளைக்காரர்களின் கொட்டகைக்குத் தினமும் ஐஸ் கட்டி வரும். எங்கள் டிரம் தண்ணீர் காலையிலேயே வாய் வைக்க முடியாமல் சுடும். ஒரு கோடையில் சைட்டில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஐஸ் வராமல் யாரும் சைட்டுக்குப் போகும் லாரியில் ஏறுவதில்லை என்று மறுநாள் கேம்ப் முழுவதும் முடிவாயிற்று. தமிழர்கள், மலையாளிகள், பட்டாணியர்கள் எல்லோரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம்.

ஒருவர் மட்டும் உட்காரவில்லை. ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். பம்பாயில் ஏஜெண்டு வாசலில் வருடக்கணக்கில் கிடந்து வந்த ஆள். திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்ற ஒரே பயம்தான் அவருக்கு. காலி லாரியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார்.

"ஏறுங்கப்பா. ஐஸுக்காகவா கடல் தாண்டி வந்தோம்? போலீஸு வந்தா ஒருத்தனையும் விடமாட்டான். ஏறுங்க."

"நீ போய் தார் ஊத்து, கம்பெனி மாப்பிள்ளை" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம்.

அந்த நேரத்தில்தான் போலீஸ் ஜீப் வந்தது. கீழே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, மேலே ஒருவர் கையாட்டிக் கத்துகிறார். தலைவன் இவன்தானா என்று அதிகாரி போர்மேனிடம் கேட்டான். அந்த வெள்ளைக்காரனுக்கு எங்களில் ஒருவன் முகமும் தெரியாது. கருப்பாக இருந்தால் எல்லோரும் மதராஸிதான். அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினான்.

ஜீப்பில் ஏற்றும்போது "டூட்டி, டூட்டி" என்று மட்டும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு லாரிக் கம்பியில் தொங்கியது.

கேம்ப் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆள் மாறிப்போனதைப் போலீஸில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்கள் சிலர். "அப்ப தலைவன் யாருன்னு கேப்பான். உன் பேரைச் சொல்லட்டுமா?" என்று எதிர்க்கட்சி வாயை அடைத்தது. தன் நிறத்து ஆள் மேலே நின்றிருந்தால் ஒரு வார்த்தை விசாரித்திருப்பார்கள் என்றார் ஒரு பட்டாணியர். நிறமெல்லாம் இல்லை, மேலே நின்றதுதான் தப்பு என்றார் ஒரு மலையாளி. பேசி முடிப்பதற்குள் அவரைப் பம்பாய்க்கு ஏற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு எங்கள் டிரம்முக்கும் ஐஸ் வந்தது. குடித்தோம்.

சில வருடம் கழித்து சவூதியில் யான்பு கேம்பில், சாப்பாட்டு வேளையில், ஒரு திருச்சிக்காரன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். துபாயில் நம்ம ஆள் ஒருவர் லாரி மேல் ஏறி நின்று, வேலைக்குப் போகாதீர்கள் என்று முழங்கினாராம். வெள்ளைக்காரனே நடுங்கினானாம்.

"அவர் ஏறச் சொன்னாருப்பா. வேலைக்குக் கூப்பிட்டாரு. நான் கீழதான் உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணன் கம்பெனி ஆளு போலிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருந்தேன். அன்று மணலில் உட்கார்ந்துகொண்டு, மேலே பார்த்தபடி.