அண்ணை கேட்ட ஐந்து நிமிடம்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக் குசினி யன்னலில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில், ஒரு மாட்டுமணி இருக்கிறது. தேங்காய் அளவுப் பித்தளை மணி. நேற்றுவரை அதன் நாக்கில் ஒரு சிவப்புத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. விமானம் தாழப் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும், சாடி அதிரும், மணி மட்டும் சத்தம் போடாது. அண்ணை போனபிறகு எனக்கும் ஏறக்குறைய அந்த நிலைதான். பசி வந்தது, நித்திரை வந்தது, ஷிப்ட் தவறாமல் வேலைக்குப் போனேன். அழுகை மட்டும் வரவில்லை.

அண்ணை அகதியாகப் போய் இறங்கியது சுவிஸில், ஒரு மலைக் கிராமத்தில். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அந்த ஹோட்டலின் நிலவறையில் உள்ளூர்ப் பெடியன்கள் மூன்று பேர் ஒரு பாண்ட் வைத்துப் பழகினார்கள். பாட்டன் காலத்து மாடு மேய்க்கும் மலைப்பாட்டை, துருத்தி வைத்த அக்கோடியனில் மெதுவாகத் தொடங்குவார்கள். பாதியில் கிற்றாரை அலறவிட்டு, தொண்டை கிழியக் கத்தி, பங்க் இசையாக்கி முடிப்பார்கள். நாலாவது ஆளான மேளக்காரன் நகரத்துக்கு ஓடிவிட்டான். பள்ளிக்கூட பாண்டில் மேளம் அடித்த அண்ணை, ஒருநாள் ஈர ஏப்ரனோடு அந்த இடத்தில் போய் இருந்தவர், பதினாறு வருடம் எழும்பவில்லை.

லண்டனில் இருந்த எனக்கு ஒரு கசெட்டும் ஒரு படமும் அனுப்பினார். படத்தில் பூவேலை செய்த மலைநாட்டுச் சட்டை, முள்ளம்பன்றி போலத் தலைமயிர், மேளத்தின் ஓரத்தில் தொங்கும் இந்த மணி. கசெட்டை ஒரு பக்கம் கேட்டேன். படத்தை அலுமாரிக்குள் ஒளித்தேன். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில், இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"மாட்டுப்பாட்டையும் கோவத்தையும் சேத்து அடிக்கிறம், தம்பி. மாடுதான் எங்களிட்டை இல்லை, மற்றது கனக்கக் கிடக்குத்தானே" என்று சிரித்தார்.

முழங்கால் பழுதாகி, கடைசி ஆண்டுகளில் எங்கள் மாடியறைக்கு வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டேயிருப்பார். நான் முறைப்பேன். என் மனைவி, "நீங்கள் தட்டுங்கோ அத்தான்" என்பாள். என்னிடம் அவர் கேட்டது ஒரேயொரு காரியம். "நான் செத்தால் அவங்களைக் கூப்பிடு. ஒரு பாட்டு. அஞ்சு நிமிசம் காணும்." ஓம் என்றேன்.

அவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாமவர் ஏற்கனவே காலமாகிவிட்டார். எழுபது தாண்டிய மனிதர்கள், அக்கோடியன் பெட்டியோடு தகன மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தார்கள். எங்களுக்குத் தந்தது நாற்பத்தைந்து நிமிடம். தேவாரம் முடிந்ததும் இரங்கல் உரைகள் தொடங்கின. பழைய மாணவர் சங்கத் தலைவர் பேசினார், செயலாளர் பேசினார், அண்ணையை ஒருநாளும் கண்டிராத ஒருவர் அவருடைய பக்தியைப் பற்றிப் பேசினார். எங்கள் ஆட்களிடம் மைக் போனால் திரும்பி வருவது கஷ்டம். சுவர் மணிக்கூடு எனக்கு நேரே இருந்தது. போதும் ஐயா என்று எழும்பிச் சொல்லியிருக்கலாம். பேசி முடித்து என் பக்கத்தில் வந்திருந்த தலைவர், "ஆர் தம்பி அந்த வெள்ளையள்?" என்று குசுகுசுத்தார். "அண்ணையோடை வேலை செய்த ஆக்கள்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறொன்றுமில்லை. நேரம் முடிந்தது, பெட்டியை மறைத்துத் திரை மூடியது.

வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் வாசிக்கிறீர்களா என்று அவர்களிடம் கேட்டேன். அடுத்த செத்தவீட்டுச் சனம் வந்துகொண்டிருந்தது. அக்கோடியன்காரர் வேண்டாம் என்று கைகாட்டி, பையிலிருந்து துணி சுற்றிய மணியை எடுத்துத் தந்தார். தங்கள் பக்கத்தில், வீட்டில் சாவு விழுந்த வருடம், மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடுகளை வழக்கம்போலப் பூச்சூட்டாமல், மணிச்சத்தம் இல்லாமல்தான் மலையிலிருந்து இறக்குவார்களாம். துக்கம் தீர்ந்ததும் துணியை அவிழ்த்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். ஏன் எங்களைக் கூப்பிட்டாய் என்று அவர் கேட்கவேயில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. ஒரு வருடம் கழித்து ஆட்டைத் திவசமும் முடிந்தது. துக்கம் தீர்ந்துவிட்டதா, இன்னும் தொடங்கவே இல்லையா என்று தெரியாமல் துணியை அப்படியே விட்டிருந்தேன்.

இன்று காலை தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது, ஏனென்று தெரியவில்லை, அவிழ்த்தேன். அடுப்பிலுள்ள மணிக்கூட்டைப் பார்த்து மணியை ஆட்டத் தொடங்கினேன். தாளம் ஒன்றும் எனக்குத் தெரியாது, சும்மா ஆட்டினேன். தலைக்கு மேலே விமானம் போனது, அதன் சத்தம் கேட்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் கை உளைந்தது. முதல் சத்தத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த மனைவி படியிறங்கி வந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"அண்ணைக்கு அஞ்சு நிமிசம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் கையை இறக்கப் போனேன்.

"நிப்பாட்டாதேங்கோ" என்றாள். "இன்னும் ரெண்டு கிடக்கு."